கொலுவுக்குக் கிழவன், குடிலுக்குக் குமரன்

கல்யாணமாகி வந்த வாரமே என் மனைவி அலர்மேல்மங்கையிடம் ஒன்றைச் சொல்லிவிட்டேன். வீட்டில் இருக்கிற பித்தளை, செம்பு எல்லாவற்றையும் நீ புளி போட்டுத் தேய்த்துக்கொள். குத்துவிளக்கில் முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள். எனக்கு ஆட்சேபணை இல்லை. கூடத்து ஷோகேஸில் இருப்பவற்றை மட்டும் தொடாதே. புளியோடு அந்தப் பக்கம் வந்தால் நான் மனிதனாக இருக்கமாட்டேன். அவள் சிரித்தாள். இப்போது மட்டும் இருக்கிறீர்களா என்று கேட்க அவளுக்கு அன்றைக்குத் தைரியம் வரவில்லை. பிற்காலத்தில் வந்தது.

ஷோகேஸில் இருப்பவை வெண்கலச் சிலைகள். சாமி விக்கிரகங்கள் அல்ல. கிரேக்க, ரோமானியச் சிலைகளைப் பார்த்து நூறு, நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் இத்தாலியிலும் பிரான்சிலும் சின்ன அளவில் வார்த்த நகல்கள். அந்தக் காலத்துப் பணக்கார வெள்ளைக்காரன் ரோமாபுரியைச் சுற்றிப் பார்க்கப் போனால் ஒன்று வாங்கி வருவான், நம்மவர்கள் காசிக்குப் போய்ச் சொம்பு வாங்கி வருகிற மாதிரி. அவன் பேரன் கர்னலாகவோ ஜட்ஜாகவோ பெங்களூர் கன்டோன்மென்ட்டுக்கு வந்து சேர்ந்தபோது அதுவும் கூடவே கப்பலேறி வந்தது. பேரன் ஊருக்குத் திரும்பினான், சிலை இங்கேயே தங்கிவிட்டது. மின்சார வாரியத்தில் இன்ஜினியராக இருந்த காலத்தில், ஞாயிற்றுக்கிழமை ஏலங்களில் நின்று நின்று அவற்றை ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். காலில் தைத்த முள்ளைப் பிடுங்குகிற பையன், குதிகாலில் சிறகு முளைத்த தூதன், துணியே இல்லாமல் கூத்தாடுகிற ஒருவன். கடைசி ஆசாமியை அலர்மேல் சுவர்ப் பக்கம் திருப்பி வைப்பாள். நான் மறுபடியும் நேராகத் திருப்பி வைப்பேன். இப்படியே எங்கள் இல்லறம் நடந்தது.

நகல்தானே என்று மூக்கைச் சுளிப்பவர்களோடு நான் பேசுவதில்லை. என்ன கிலோ இருக்கும் சார் என்று கேட்பவர்களை வீட்டுக்குள்ளேயே விடுவதில்லை. ஒரு நகலுக்கு உயிர் அதன் மேலே இருக்கிற பழுப்பு நிறத்தில் இருக்கிறது. பட்டறையில் மருந்து தடவி நெருப்புக் காட்டி ஏற்றியது அது. அதன் மேல் நூறு வருஷத்துக் காற்றும் கைச்சூடும் ஊறி, பதமான கருப்பட்டி நிறத்துக்கு வந்திருக்கும். லாயிட் அதைத் 'தோல்' என்பான். தோலை உரித்துவிட்டால் சிலையைக் கடைக்காரன் கையால் தொடமாட்டான், திரும்ப அதை வரவைக்கவும் முடியாது. நம் வீடுகளில் பளபளவென்று இருந்தால்தான் சுத்தம். அதனால்தான் அந்த உத்தரவு.

லாயிட் என் சிநேகிதன். என் எதிரி என்றும் சொல்லலாம், இரண்டும் ஒரே நாளில்தான் ஆரம்பித்தது. எண்பதுகளின் கடைசியில் ஃபிரேசர் டவுனில் ஒரு பழைய பங்களாவை இடிக்கப் போவதாகச் சொல்லிச் சாமான்களை ஏலம் விட்டார்கள். நீளமான ஒரு மேஜையின் இரண்டு ஓரத்திலும் இரண்டு சிலைகள் நின்றன. இடுப்புக்கு மேலே மனிதன், கீழே நாலு காலோடு குதிரை. ஒருவன் இளவட்டம், ஒரு கையைத் தூக்கி விரலைச் சொடுக்கிக்கொண்டு சிரிக்கிறான். இன்னொருவன் தாடிக் கிழவன், இரண்டு கையையும் பின்னால் கட்டிப் போட்டிருக்கிறது, முகத்தைத் திருப்பி வலியில் பல்லைக் கடிக்கிறான். ஒரே பட்டறை, ஒரே பீடம், ஒரே நிறம். குழந்தைக்குக்கூடத் தெரியும் அது ஜோடி என்று. ஆனால் நடுவில் ஒரு கடிகாரம் இருந்ததால் ஏலக்கடை குமாஸ்தா அதைத் தனித் தனிச் சாமான் என்று நினைத்துத் தனித் தனிச் சீட்டு ஒட்டிவிட்டான். ஜோடியைப் பிரிக்காதே ஐயா என்று கத்திப் பார்த்தேன். அங்கே யார் கேட்கிறார்கள்?

முதலில் ஏலத்துக்கு வந்தவன் அந்த இளவட்டம், அதாவது குமரன். சட்டைப் பையைக் காலி பண்ணி அவனை எடுத்துவிட்டேன். அடுத்து கிழவன் வந்தபோது என்னிடம் பஸ்ஸுக்குத்தான் காசு இருந்தது. எனக்குப் பின்னால் நின்ற ஒல்லியான ஒருவன், பேன்ட் காலில் சைக்கிள் கிளிப்பைக்கூடக் கழற்றாமல், நிதானமாக ஒரு விரலைத் தூக்கினான். கிழவன் அவனுக்குப் போய்விட்டான். வாசலிலேயே அவனை மறித்து, எனக்குக் கொடுத்துவிடுங்கள், அடுத்த மாதம் பணம் அனுப்புகிறேன் என்றேன். அவன் சிரித்தபடி, உங்களுடையதை எனக்குக் கொடுங்களேன் என்றான். நடு ரோட்டில் சண்டை போட்டோம். நான்தான் போட்டேன், அவன் கேட்டுக்கொண்டு நின்றான். மழை பிடித்துக்கொண்டது, இரண்டு பேரும் சிலையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒரு டீக்கடைக்குள் ஓடினோம். அங்கேதான் அவன் லிங்கராஜபுரத்துக்காரன், பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர், பெயர் லாயிட் என்று தெரிந்தது.

டீ குடித்துக்கொண்டே அவன் கதையைச் சொன்னான். அசல் சிலைகளில் இரண்டு பேர் முதுகிலும் காதல் தேவன் ஒரு குழந்தையாக ஏறி உட்கார்ந்திருந்தானாம். இளவட்டத்துக்கு அது விளையாட்டு, கிழவனுக்கு ரோதனை. நமக்கு இன்னும் விளையாட்டுதான் என்று சொல்லிச் சிரித்தான். அப்போது எங்கள் இரண்டு பேருக்குமே முப்பத்தைந்துகூட ஆகவில்லை.

அந்த வருஷம் நவராத்திரிக்கு அலர்மேல் கொலு வைத்தாள். மல்லேஸ்வரத்தில் எங்கள் தெருவில் கொலு வைக்காத வீடு கிடையாது. கடைசிப் படியில் என் வெண்கலங்களுக்கும் இடம் கொடு என்றேன். எல்லாரையும் பார்த்துவிட்டுக் குமரனிடம் வந்து நின்றாள். இவனுக்கு ஜோடி உண்டு என்று நான்தான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். ஜோடி பொம்மையை ஒற்றையாகப் படியில் வைக்கக் கூடாது, எங்கிருந்தாவது இன்னொன்றைக் கொண்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டாள். என் மாமியார் வீட்டில் செட்டியார் பொம்மை உடைந்துபோன வருஷம் செட்டிச்சியையும் பெட்டிக்குள் போட்டார்களாம். வேறு வழியில்லாமல் லிங்கராஜபுரத்துக்குப் போனேன். ஒன்பது நாள் கடனாகக் கிழவனைக் கொடு என்று கேட்டேன். லாயிட் யோசித்துவிட்டு, தருகிறேன், ஆனால் கிறிஸ்மஸுக்குக் குமரன் என் வீட்டுக் குடிலுக்கு வர வேண்டும் என்றான். குடிலில் குதிரை மனிதனுக்கு என்ன வேலை என்று கேட்டேன். அவனுக்கென்று சொந்தமாகத் தொழுவமா இருக்கிறது என்றான்.

அன்றிலிருந்து அது பழக்கமாகிவிட்டது. நவராத்திரிக்குக் கிழவன் சைக்கிளிலும், பிறகு ஸ்கூட்டரிலும், பிறகு ஆட்டோவிலும் மல்லேஸ்வரம் வந்தான். லாயிடும் அவன் மனைவி ஆஞ்சலாவும் சுண்டல் வாங்கிக்கொண்டு கொலுவின் முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். ஹயக்ரீவரா என்று கேட்டு ஒரு மாமி குமரனுக்கு ஏலக்காய் மாலையே போட்டுவிட்டாள். ஹயக்ரீவருக்குக் குதிரைத் தலை, மனித உடம்பு. இவர் அவருக்கு எதிர்க்கட்சி என்று அலர்மேல் விளக்கினாள். மாலையை யாரும் கழற்றவில்லை. கிறிஸ்மஸுக்குக் குமரன் லிங்கராஜபுரம் போவான். பிரவுன் பேப்பர் மலை, தகர டப்பாவில் முளைக்கவிட்ட ராகிப் பயிர், மாடு, கழுதை, ஒட்டகம், அதற்கு நடுவில் இரண்டு பேரும் நிற்பார்கள். நாங்கள் குல்குல் பலகாரம் தின்றுகொண்டு பார்த்துக்கொண்டிருப்போம்.

ஒவ்வொரு நவராத்திரியிலும் கிளம்பும்போது நான் கேட்பேன், கிழவனைக் கொடுக்கிறாயா என்று. ஒவ்வொரு கிறிஸ்மஸிலும் அவன் குமரனைக் கேட்பான். இரண்டு பேருக்கும் பதில் ஒன்றுதான். "நக்கோ." சிவாஜிநகர் மார்க்கெட்டில் பாய்மார்கள் வேண்டாம் என்பதற்குச் சொல்கிற வார்த்தை. லாயிட் அதைத் தலையை ஆட்டி, இழுத்துச் சொல்வான். எனக்கு அதில் கோபம் வரும். அவனுக்குக் கோபமே வராது, அதிலும் எனக்குக் கோபம் வரும். முப்பது வருஷத்துக்கு மேல் இப்படிக் கேட்டோம். இப்போது நினைத்தால் அந்த நாட்கள் மாதிரி எதுவுமே எனக்கு அமையவில்லை.

போன ஈஸ்டருக்குக் கொஞ்சம் முன்னால் லாயிட் செத்துப்போனான். சர்க்கரை அவனைக் கால், சிறுநீரகம், கண் என்று கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றது. கல்லறையில் நான் எல்லாருக்கும் பின்னால் நின்றேன். பிறகு வந்த நவராத்திரிக்குக் கிழவனைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அலர்மேல் குமரனையும் படியில் வைக்கவில்லை. ஷோகேஸிலேயே அவன் விரலைச் சொடுக்கிக்கொண்டு நின்றான்.

டிசம்பரில் ஆஞ்சலா போன் செய்தாள். வீட்டைப் பில்டருக்குக் கொடுத்தாயிற்றாம். பொங்கலுக்குள் காலி பண்ணிக்கொண்டு ஹெப்பகோடியில் இருக்கிற மகன் நரேஷ் வீட்டுக்குப் போகிறாளாம். அவன் எலக்ட்ரானிக் சிட்டிப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான். துக்க வருஷம், பலகாரம் கிடையாது, ஸ்டார் கட்டவில்லை, குடில் மட்டும் போடுகிறேன் என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கி, "குமரன எடுத்துட்டு வாங்கண்ணா. கிழவனப் பத்தியும் ஒண்ணு பேசணும்" என்றாள். நரேஷ் போட்டோ அனுப்பியதைப் பார்த்துப் பழஞ்சாமான் கடைக்காரர் ஒருவர் கிழவனைத் தூக்கிக்கொண்டு போகத் துடிக்கிறார் என்றும் சொன்னாள்.

மறைப்பானேன், அன்று சாயங்காலமே ஷோகேஸில் நடுத் தட்டைக் காலி பண்ணினேன். முள் எடுக்கிற பையனைக் கீழே இறக்கிவிட்டு, குமரனை ஓரமாக நகர்த்தி, பக்கத்தில் ஒரு ஆள் நிற்க இடம் விட்டேன். கிழவன் யாரோ ஒரு பணக்காரன் வீட்டு வரவேற்பறைக்குப் போய்விட்டால் பிறகு நான் அவனைக் கண்ணால் பார்க்க முடியாது. எனக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. அவன் என் வீட்டுக்கு வர வேண்டும், லாயிட் போனாலும் ஜோடியாவது சேர வேண்டும். வேறு எதையும் நான் அப்படி ஆசைப்பட்டதில்லை. அலர்மேல் வாசற்படியில் நின்று என்னையும் அந்தக் காலி இடத்தையும் பார்த்தாள்.

"அவரு போனப்புறம் அந்தப் பொண்ணுக்கு இது மொத கிறிஸ்மஸ். போய்ச் சும்னே உக்காந்துட்டு வாங்க. வாயத் தொறந்து அதக் கேட்டீங்கன்னா இருக்கு."

நான் ஏன் கேட்கப் போகிறேன் என்றேன். மூஞ்சியிலேயே எழுதி ஒட்டியிருக்கிறது என்றாள். முழங்கால் வலி என்று அவள் வரவில்லை. குமரனைப் பழைய போர்வையில் சுற்றி, நான் மட்டும் ஆட்டோ ஏறினேன்.

ஆட்டோக்காரர் கண்ணாடியில் மூட்டையைப் பார்த்து, "ஏனு சார், தேவ்ரா?" என்றார். சாமியா என்று கேட்கிறார். இத்தாலியிலிருந்து ஆரம்பித்து விளக்க எனக்குப் பொறுமையில்லை, ஆமாம் என்றேன். அதிலிருந்து மனிதர் ஒவ்வொரு ஹம்ப்பிலும் பிள்ளைத்தாச்சியை ஏற்றிப் போகிறவர் மாதிரி வண்டியை இறக்கி ஏற்றினார். ஜெயமஹால் ரோட்டில் டிராஃபிக் நின்றது. கோல்ஸ் பார்க் பக்கம் வந்தபோது, லாயிட் இருந்தால் இந்தச் சாமி கதையைக் கேட்டு எப்படிச் சிரிப்பான் என்று தோன்றியது. அவனிடம் சொல்ல வேண்டும் என்று ஒரு நிமிஷம் நிஜமாகவே நினைத்துவிட்டேன்.

வீட்டில் பாதிச் சாமான் அட்டைப் பெட்டிக்குள் போயிருந்தது. கூடத்து மூலையில் குடில் தயாராக இருந்தது. மலை, ராகிப் பயிர், மாடு, கழுதை எல்லாம் அதேதான், ஒட்டகத்துக்கு மட்டும் ஒரு காது போயிருந்தது. குழந்தை இயேசுவை இருபத்துநாலாம் தேதி ராத்திரிதான் வைப்பார்கள், அதனால் வைக்கோல் காலியாக இருந்தது. நரேஷ் எழுந்து நாற்காலி போட்டான். ஆஞ்சலா உள்ளே இருந்து வந்தாள். இளைத்துப்போயிருந்தாள். குடிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் மேல் எதையோ டவலால் மூடி வைத்திருந்தது. நான் உட்காருவதற்குள் பரிசு காட்டுகிற மாதிரி டவலை எடுத்தாள்.

கிழவன் கல்யாண வீட்டுக் குத்துவிளக்கு மாதிரி ஜொலித்தான். தலைமுடி, தாடி, விலா எலும்பு, குதிரை வால், ஒரு இடம் பாக்கியில்லை. கருப்பட்டி நிறம் முழுக்கப் போய், உள்ளே இருந்த மஞ்சள் உலோகம் வெளியே வந்து பல்லை இளித்துக்கொண்டு நின்றது.

"எவன் பார்த்த வேல இது?" என்று கத்தினேன். அந்தச் சின்ன வீட்டில் அது எப்படிக் கேட்டிருக்கும் என்று இப்போது நினைத்தால் கூசுகிறது. நரேஷ் திடுக்கிட்டு எழுந்துவிட்டான்.

"நான்தாண்ணா" என்றாள் ஆஞ்சலா.

அதோடு விட்டேனா? லாயிட் உயிரோடு இருந்திருந்தால் இதைப் பார்த்தே செத்திருப்பான் என்றேன். நூற்றைம்பது வருஷம் ஊறியதை ஒரு வாரத்தில் சுரண்டிப் போட்டுவிட்டாயே, கூடவே வாழ்ந்தாயே, இதுகூடவா தெரியாது என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். அவள் விரல் நுனிகள் புளியில் வெந்து கறுத்திருந்ததை அப்போதுதான் பார்த்தேன். கடைக்காரருக்குப் புதுப் போட்டோ அனுப்பினதிலிருந்து அந்த ஆள் போனே எடுப்பதில்லை அங்கிள் என்று நரேஷ் மெதுவாகச் சொன்னான். அவன் அதற்காக வருத்தப்படுகிற மாதிரித் தெரியவில்லை. அம்மாவின் பக்கத்தில் போய் நின்றுகொண்டான்.

ஆஞ்சலா டவலை மடித்து மடித்துச் சின்னதாக ஆக்கினாள். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"கடைசில அவருக்குக் கண்ணு சுத்தமா தெரியலண்ணா. கட்டில்ல படுத்துக்கினு, கிழவன் எங்கடி, எங்கடின்னு கேப்பாரு. ஸ்டூலு மேலதாங்க இருக்கு, இதோன்னுவேன். ஒண்ணுமே தெரியல, இருட்டா இருக்குன்னுவாரு. கைல குடுக்கலாம்னா அந்த வெயிட்ட எங்க தூக்கறது. வெளிச்சம் மட்டும்தான் லேசா தெரிஞ்சுது அவருக்கு. கருப்பா இருக்கறது எப்பிடித் தெரியும்? அன்னிக்கே நாலு தேய்ப்பு தேய்ச்சிருந்தா மினுக்குன்னு கண்ணுல பட்டிருக்கும். திட்டுவாரேன்னு பயந்து உட்டுட்டேன்."

மடித்த டவலை மறுபடியும் பிரித்தாள்.

"இப்ப குடில் போட ஒக்காந்தப்போ தாங்கல. அவரு எங்க இருந்து பாத்தாலும் தெரியட்டும்னு தேய்ச்சேன்."

போன கிறிஸ்மஸுக்கு லாயிட் இரண்டு சிலைகளையும் விரலால் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தது ஞாபகம் வந்தது. ரசிக்கிறான் என்று நினைத்தேன். அப்போதே பாதிப் பார்வை போயிருக்கிறது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை படுபாவி.

ஆஞ்சலா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கிழவனை ஸ்டூலோடு என் பக்கம் நகர்த்தினாள். "இதத்தான் போன்ல பேசணும்னு சொன்னேன். இனிமே இத எவனும் வாங்க மாட்டான். வாங்கினாலும் எனக்கு மனசு வராது. நீங்களே எடுத்துட்டுப் போங்கண்ணா. எத்தினி வருஷம் கேட்டீங்க அவர. ரெண்டும் உங்க வீட்டுலயே சேந்து இருக்கட்டும்."

இதைக் கேட்கத்தானே நான் வந்தது. நடுத் தட்டில் இடம்கூடத் தயாராக இருந்தது. நான் கிழவனைப் பார்த்தேன். எத்தனையோ வருஷம் பார்த்த முகம்தான், ஆனால் கறுப்புக்குள் தெரியாத சுருக்கமெல்லாம் இப்போது தெரிந்தது. முதுகுக்குப் பின்னால் மணிக்கட்டில் கட்டியிருந்த கயிற்றின் முறுக்குகூடத் தனித் தனியாகத் தெரிந்தது. ஒவ்வொரு முறுக்கிலும் இவள் விரல் நுழைந்து தேய்த்திருக்கிறது. இதைக் கொண்டுபோய் மல்லேஸ்வரத்தில் என் ஷோகேஸில் பூட்டி வைத்தால், ஹெப்பகோடியில் இவள் எதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்?

"நக்கோ" என்றேன்.

நான் லாயிட் மாதிரியே தலையை ஆட்டி இழுத்தேனா என்று எனக்குத் தெரியாது. ஆஞ்சலா சட்டென்று நிமிர்ந்து பார்த்தாள். நான் போர்வையைப் பிரித்துக் குமரனை வெளியே எடுத்தேன். கிழவனுக்குப் பக்கத்தில் அவனை வைத்ததும் பார்க்கச் சகிக்கவில்லை. ஒருவன் தகதகவென்று, இன்னொருவன் அடுப்பங்கரைக் கரி மாதிரி. ஜோடி என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

"வீட்டுல இன்னும் புளி இருக்கா?" என்று கேட்டேன்.

அவளுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் பதறினாள். வேண்டாம் அண்ணா, மதிப்பே போய்விடும் என்று நரேஷ் அப்புறம்தான் சொன்னான், நான் தெரியாமல் செய்துவிட்டேன், நீங்கள் தெரிந்தே செய்யாதீர்கள் என்று கையைப் பிடித்துக்கொண்டாள். மதிப்பை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது, கேட்க வருகிறவன்தான் போய்விட்டானே என்றேன்.

பின்பக்கம் துணி துவைக்கிற கல்லில் குமரனை நிறுத்தினேன். ஆஞ்சலா ஒரு கிண்ணத்தில் புளியைக் கரைத்து, கல் உப்பு போட்டுக் கொண்டுவந்தாள். கையில் புளியை எடுத்தேனே தவிர வைக்க மனம் வரவில்லை. இந்தத் தோலுக்காக எத்தனை பேரிடம் சண்டை போட்டிருப்பேன், எத்தனை விருந்தாளியின் கையைத் தட்டிவிட்டிருப்பேன். கண்ணை மூடிக்கொண்டு, தூக்கிய கையில், சொடுக்குகிற விரலில் முதல் தேய்ப்பு தேய்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. இன்னும் அழுத்தித் தேய்த்தேன். விரல் நுனியில் மிளகளவு மஞ்சள் எட்டிப் பார்த்தது. அழுதுவிட்டேன். கல்லறையில் வராத அழுகை அந்தத் துவைக்கிற கல்லில் வந்தது, வெட்கமில்லாமல் தேம்பினேன்.

ஆஞ்சலா எதிரே குந்தி உட்கார்ந்து குதிரைக் காலைப் பிடித்துக்கொண்டாள். அப்படித் தேய்த்தால் விடியாது, உப்பை முதலில் வைத்து ஊறவிடுங்கள் என்று எனக்குப் பாடம் எடுத்தாள். நரேஷ் போய்ப் பித்தளை தேய்க்கிற பவுடரும் பழைய டூத் பிரஷும் கொண்டுவந்தான். வெயில் இறங்குகிற வரைக்கும் தேய்த்தோம். ஹயக்ரீவர் மாலைக் கதையை நான் சொன்னேன், ஆட்டோக்காரர் கதையையும் சொன்னேன். லாயிடிடம் சொல்ல வேண்டியதை அவளிடம் சொன்னேன். அவள் சிரித்துக்கொண்டே மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

கழுவித் துடைத்து இரண்டு பேரையும் ராகிப் பயிருக்கு நடுவில் நிறுத்தினோம். பல்பைப் போட்டதும் குடிலே பற்றிக்கொண்ட மாதிரி இருந்தது. நிறத்தில் கொஞ்சம் வித்தியாசம்தான், குமரன் ஒரு பிடி சிவப்பு. போகப் போகச் சரியாகிவிடும். நான் வாசல் வரைக்கும் போய்த் திரும்பிப் பார்த்தேன். அங்கிருந்தும் தெரிந்தது.

போர்வையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டேன். குமரனை எடுக்கவில்லையே என்று ஆஞ்சலா கேட்டாள். இரண்டையும் ஹெப்பகோடிக்கு எடுத்துக்கொண்டு போ என்றேன். அவள் மறுத்தாள், நான் என் பங்குக்குக் கத்தினேன், கடைசியில் ஒத்துக்கொண்டாள். ஒரே ஒரு நிபந்தனை, நவராத்திரிக்கு ஒன்பது நாளும் இரண்டு பேரும் மல்லேஸ்வரம் வர வேண்டும், நீயும் கூட வர வேண்டும் என்றேன். சரி என்றாள்.

"சுண்டல் வாங்கிக்கினு கெளம்பும்போது நான் கேப்பேன், கொடுக்கிறியான்னு. என்ன சொல்லணும்னு தெரியும் இல்ல?"

ஆஞ்சலா குடிலைத் திரும்பிப் பார்த்தாள். தலையை ஆட்டி, இழுத்துச் சொன்னாள்.

"நக்கோ."

அப்படியே அவன்தான். நான் செருப்பைத் தேடுகிற சாக்கில் குனிந்துகொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அலர்மேல் வெறும் போர்வையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். காபி டம்ளரை நீட்டியபோது என் விரல்களைப் பிடித்து முகர்ந்து பார்த்தாள்.

"புளியா?" என்றாள்.

ஆமாம் என்றேன். நவராத்திரி நிபந்தனையையும் சொன்னேன். ஷோகேஸின் நடுத் தட்டில் இப்போது இரண்டு ஆள் நிற்கிற இடம் காலியாக இருந்தது. அவள் போய்ப் பூசை அறையிலிருந்து கொலுப்படிப் பலகையை அளக்கிற கோலை எடுத்துவந்து, அந்தக் காலி இடத்தின் அகலத்தை அளந்தாள். எதற்கு என்று கேட்டேன்.

"கடைசிப் படியில இத்தனை எடம் விடணும்" என்றாள். "வருவாங்க இல்ல."